குப்பி விளக்கும் ஒரு தொலைபேசி அழைப்பும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பல்கலைக்கழகம் போகப்போற பிள்ளைகளுக்குப் பயன்படுகிற மாதிரி ஏதாவது கதையுங்கோ" என்று செயலாளர் அக்கா கேட்டிருந்தார். எப்படிப் படிப்பது என்று சொல்ல இந்த மண்டபத்தில் எங்களைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் படிக்கும் இடத்தில் ஒருவரோடொருவர் எப்படிக் கதைப்பது, கதைக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல எங்களுக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. ஏனென்றால், கதைக்க வேண்டிய ஒரு நாளில் நாங்கள் கதைக்காமல் விட்டோம். அதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

"நாங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாடசாலையில் ஒரே வகுப்பிலிருந்து ஒரே வருடம் மருத்துவபீடம் போனவர்கள் நாங்கள் மூவர். அன்று படித்ததும் பிழைவிட்டதும் சேர்ந்துதான்.

எங்கள் வயதுக்காரருக்கு நினைவிருக்கும். 1990இல் போன மின்சாரம் பல வருடங்கள் திரும்பி வரவேயில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு திரி. அதுதான் விளக்கு. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஆளுக்கொரு விளக்கு எரிக்க முடியாது. ஆகவே ஒரு விளக்கைச் சுற்றி நாலு பேர் இருப்போம். ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் கேட்போம். விளங்காவிட்டால் உடனே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் எண்ணெய் முடியப்போகிறது! 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு எல்லோரும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது எங்களில் ஒருத்தியின் புத்தகப் பையில் அந்தப் போத்தலும் வந்தது. இடம்பெயர்ந்த இடத்தில், வேறொரு பாடசாலை பின்னேரத்தில் தந்த வகுப்பறைகளில் எங்கள் ஆசிரியர்கள் வகுப்பை நடத்தினார்கள். "விளங்கேல்லை ரீச்சர்" என்று சொல்ல அங்கே யாரும் வெட்கப்பட்டதில்லை. அது எவ்வளவு பெரிய சொத்து என்பது பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

மருத்துவபீடம் வீட்டிலிருந்து வெகுதூரத்தில் தெற்கே இருந்தது. விரிவுரைகள் ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் மாதம் காதில் விழுந்ததில் பாதி விளங்கவில்லை. விரிவுரை முடிவில் "கேள்வி இருக்கிறதா?" என்று விரிவுரையாளர் கேட்பார். மண்டபம் மௌனமாக இருக்கும். எங்களிடம் கேள்விகள் இருந்தன, அவற்றை வைத்துக் கேட்க ஒரு வசனம் இருக்கவில்லை. பிழையான ஆங்கிலத்தில் கேட்டால் சிரிப்பார்களே என்ற பயம். இங்கே வாய் ஓயாமல் கேள்வி கேட்ட நாங்கள் அங்கே ஊமையானோம்.

ஒரு நாள் விடுதிப் படிக்கட்டில் ஒரு சீனியர் அக்கா, "இரவு எட்டு மணிக்குக் குப்பி இருக்கு, வாங்கோ" என்றார். வடக்கிலிருந்து போன எங்களுக்கு அந்தச் சொல் வேறொரு பொருளில்தான் பழக்கம். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்கு உடனே விளங்கிவிட்டது. "பயப்பிடாதேங்கோ, இது குப்பி விளக்கு" என்றார். இந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில், பாடம் விளங்கிய ஒரு மாணவர் விளங்காதவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுப்பதற்குப் பெயர் குப்பி. முற்காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்ததால் வந்த பெயர் என்பார்கள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. நாங்கள் கைவிட்டு வந்ததாக நினைத்த விளக்கு எங்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றிரவு மட்டக்களப்பைச் சேர்ந்த அந்த அக்கா, பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் கைக்குப் போகும் நரம்புப் பின்னலை வரைந்தார். பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்பது மருத்துவ மாணவர்களின் சிம்மசொப்பனம். "5 வேர், 3 தண்டு, 6 பிரிவு, 3 நாண், 5 கிளை. முதல்ல எண்ணிக்கையைப் பாடமாக்குங்கோ, பெயரெல்லாம் பிறகு தானாக வந்து ஒட்டும்" என்றார். விரிவுரையில் ஒரு மணி நேரம் விளங்காதது அங்கே இருபது நிமிடத்தில் விளங்கியது. அந்த அக்கா எங்கள் விரிவுரையாளரைவிடக் கெட்டிக்காரி என்பதால் அல்ல. எந்த இடத்தில் விளங்காமல் போகும் என்பது அவருக்குத் தெரியும். போன வருடம் அதே இடத்தில் அவரும் விழுந்து எழும்பியவர்.

சில கிழமைகளில் எங்கள் குப்பிக்கு அநுராதபுரத்துச் சிங்களப் பிள்ளை ஒருத்தியும் வரத் தொடங்கினாள். அவளுக்கும் ஆங்கிலம் எங்களைப் போலத்தான் இருந்தது. அவள் நன்றாகப் படம் வரைவாள், எங்களிடம் ஒழுங்கான குறிப்புகள் இருந்தன. அரைகுறை ஆங்கிலத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஆனால் தங்கைமாரே, குப்பிக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. பகிடிவதைக்கு உடன்படாதவர்களைக் குப்பிக்குச் சேர்க்காமல் விடுவதும், குறிப்புக் கொடுக்காமல் ஒதுக்குவதும் எங்கள் நாட்டில் நடந்திருக்கிறது. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. அடிப்பதையும் அவமதிப்பதையும் சட்டம் தண்டிக்கலாம். ஒருவரோடு கதைக்காமல் விடுவதை எந்தச் சட்டம் தண்டிக்கும்? தகவலை மறைப்பது சத்தமில்லாத பகிடிவதை. நாளை நீங்கள் சீனியர் ஆகும்போது இதை மறக்க வேண்டாம்.

இனி, சொல்ல வந்த விடயம்.

2002இல் ஏ-9 வீதி திறந்திருந்த காலம். எங்களில் ஒருத்தியின் அப்பாவுக்குக் கடும் சுகயீனம். அவள் ஒரு கிழமைக்கு ஊருக்குப் போனாள். போகும்போது வீட்டுக்குப் பக்கத்துக் கடையின் தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதி எங்கள் மேசையில் வைத்தாள். "ஏதும் மாற்றம் என்றால் சொல்லுங்கோடி, கடைக்கார அண்ணா வந்து கூப்பிடுவார்" என்றாள்.

அவள் போன மூன்றாம் நாள் அறிவித்தல் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. உடற்கூற்றியல் வாய்மொழிப் பரீட்சை நான்கு நாள் முன்னுக்கு வந்திருந்தது. எல்லோரும் பார்க்கும் இடத்தில், உரிய முறையில்தான் ஒட்டியிருந்தார்கள். நாங்கள் இருவரும் பார்த்தோம், வேறு வேறு நேரத்தில். காலையில் பார்த்தவள், மற்றவள் மாலையில் கொமினிகேஷன் கடைப் பக்கம் போவாள், சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள். மாலையில் பார்த்தவள், காலையில் பார்த்தவள் இதற்குள் சொல்லியிருப்பாள் என்று நினைத்தாள். பரீட்சைப் பதற்றத்தில் ஒருவரையொருவர் கேட்கவுமில்லை. அந்தத் துண்டு மேசையில் புத்தகத்துக்கு அடியில் கிடந்தது.

பரீட்சையன்று காலையில் பெயர் கூப்பிட்டபோதுதான் இருவரும் திரும்பிப் பார்த்தோம். அவளின் இடம் வெறுமையாக இருந்தது.

அவள் பரீட்சையைத் தவறவிட்டாள். அடுத்த தொகுதியோடுதான் எழுத வேண்டி வந்தது. பல்கலைக்கழகப் பேச்சில் "பட்ச் மிஸ்". மூவராகப் போனவர்களில் ஒருத்தி எங்களுக்கு ஜூனியர் ஆனாள். எங்கள் விடுதி அறையில் அவளின் கட்டில் காலியானது. அவளுக்குப் பட்டம் கிடைத்தது பிந்தி. உள்ளகப் பயிற்சி கிடைத்தது பிந்தி. அவள் வைத்தியராகித் தரும் முதல் சம்பளத்தைப் பார்க்க அப்பா இருக்கவில்லை.

போரைக் குற்றம் சொல்லித் தப்ப முடியாது. பாதை திறந்திருந்தது. முகமாலை, ஓமந்தைச் சோதனைச் சாவடிகளைக் கடந்தும் ஒரு பகலில் வந்து சேர்ந்திருப்பாள். தொலைபேசி இலக்கம் எங்கள் மேசையில் இருந்தது. இல்லாமற்போனது ஓர் அழைப்பு மட்டும்தான்.

அவள் எங்களை ஏசவில்லை. திரும்பி வந்து உடுப்புகளை அடுக்கும்போது ஒரேயொரு கேள்விதான் கேட்டாள்: "நான் உங்களிட்டத்தானே சொல்லிப்போட்டுப் போனனான்?" இருபது வருடம் கடந்தும் அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

அதற்கான மருந்தை எங்கள் தொழிலே பிறகு கற்றுத்தந்தது. இதயம் நின்றுபோன ஒருவரை மீட்கும்போது கட்டிலைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்பார்கள். "அட்ரினலின் 1 மில்லிகிராம் கொடுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஒருவரின் பெயரைச் சொல்லிச் சொல்ல வேண்டும். அந்தத் தாதி "அட்ரினலின் 1 மில்லிகிராம்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்தபின் "கொடுத்தாச்சு" என்று மறுபடி சொல்ல வேண்டும். மூன்றாவது சொல் காதில் விழும்வரை மருந்து கொடுக்கப்பட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லோருக்கும் சொன்னது ஒருவருக்கும் சொல்லாததுதான்.

இன்னொன்று. 2008இல் உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தது. மொத்தம் 19 விடயங்கள். அதிலொன்று, கத்தி வைக்குமுன் அங்கிருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்வது. சின்னப்பிள்ளை விளையாட்டுப் போலத் தெரியும். ஆனால் ஒருமுறை வாய் திறந்தவர்தான், பிழையொன்றைக் காணும்போது மறுமுறையும் வாய் திறப்பார். பல்கலைக்கழகத்தில் "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லப் பழகாத பிள்ளை, நாளை வைத்தியசாலையில் "இந்த மருந்தின் அளவு சரியா?" என்று கேட்கத் தயங்குவாள். அந்தத் தயக்கத்துக்கு விலை கொடுப்பது கட்டிலில் கிடக்கும் நோயாளி.

இப்போது காலம் மாறிவிட்டது என்பீர்கள். உண்மைதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் சூமுக்குப் போயின. சில காலம் அதற்குத் தரவுக் கட்டணமும் அறவிடப்படவில்லை. ஆனாலும் சிக்னல் தேடிப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறியிருந்த படங்களைப் பத்திரிகைகளில் பார்த்தோம். குப்பியும் கைத்தொலைபேசிக்குள் போனது. இன்று ஒரு தொகுதி மாணவர் அத்தனை பேரும் ஒரே வாட்ஸப் குழுவில் இருக்கிறார்கள். அறிவித்தல் ஒரு நொடியில் எல்லோருக்கும் போகிறது.

ஆனால் அந்தக் குழுவில் கேள்வி கேட்பவர்கள் எத்தனை பேர்? நாங்கள் படிப்பிக்கும் மாணவர்களிடம் கேட்டுப் பார்த்தோம். "எல்லாரும் பார்ப்பினம், அதால கேட்கிறேல்லை" என்றார்கள். விரிவுரை மண்டபத்தின் அதே மௌனம் தொலைபேசிக்குள் குடிவந்திருக்கிறது. நீல நிறத்தில் இரண்டு சரி விழுந்தால் வாசித்துவிட்டாள் என்று நினைக்கிறோம். சுகமில்லாமல் படுத்திருக்கும் பிள்ளையின் தொலைபேசியைத் தம்பி திறந்தாலும் அந்தச் சரி விழும். எங்கள் பலகையும் அப்படித்தான். தாள் ஒட்டப்பட்டிருந்தது.

ஆகவே இந்த நூற்றாண்டில் சங்கத்திடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழகம் போகும் எங்கள் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அதே பல்கலைக்கழகத்தில் இருக்கும், இல்லாவிட்டால் அதே துறையில் இருக்கும் ஓர் அக்காவைச் சேர்த்துவிடுங்கள். குழுவாக வேண்டாம். ஒருத்திக்கு ஒருத்தி. கனடாவில் இருக்கும் அக்காவும் லண்டனில் இருக்கும் அக்காவும் இதைச் செய்யலாம். மாதம் ஒரு அழைப்புப் போதும். "எப்படிப் படிக்கிறாய்?" என்று கேட்க வேண்டாம். "எது விளங்கேல்லை? சாப்பிட்டியா? ஆரோடு இருக்கிறாய்?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, சொல்லிக்கொடுக்கும் கதவை யாருக்கும் பூட்ட வேண்டாம். எந்த ஊர், எந்த மொழி, பகிடிவதைக்கு உடன்பட்டாளா இல்லையா என்று பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, தங்கைமாரே, உங்களுக்கு. வகுப்புக்கு வராத தோழிக்கு ஒரு செய்தி இருந்தால், "வேறு யாரும் சொல்லியிருப்பார்கள்" என்று நினைக்காதீர்கள். நீங்களே சொல்லுங்கள். அவள் திருப்பிச் சொல்லும்வரை விடாதீர்கள். இரண்டு பேர் சொன்னால் நட்டமில்லை.

எங்கள் தோழியின் அனுமதியோடுதான் இதைச் சொன்னோம். பெயர் சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. அவள் இன்று வைத்திய நிபுணர். கொரோனாக் காலத்தில் மாணவர்களுக்குக் கிழமைக்கு ஒரு இரவு குப்பி நடத்தினாள். வராத பிள்ளை ஒவ்வொருவருக்கும் மறுநாள் காலையில் தானே அழைப்பெடுத்தாள். ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும்.

இந்த உரையை எழுதி முடித்ததும் அவளுக்கு வாசித்துக் காட்டினோம். கேட்டுவிட்டு, "விழா எத்தினை மணிக்கு?" என்றாள். "காலை ஒன்பதுக்கு" என்றோம். "ஒன்பதுக்கு" என்று திருப்பிச் சொன்னாள். வந்திருக்கிறாள்.