கூலிக்கு அகழும் அறிஞர்

இலண்டன் மாநகரின் நடுவே வோல்புறூக் என்றொரு தெரு உண்டு. முற்காலத்தில் அவ்வழியே ஓடிய ஒரு சிற்றாற்றின் பெயர் அது. ஆறு மண்மூடிப் போயிற்று. பெயர் மட்டும் தெருவுக்கு எஞ்சியது. இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சுக்கு இரையாகிப் பாழாய்க் கிடந்த அவ்விடத்தில், புதிய மாளிகையொன்று எழுமுன், இலண்டன் நூதனசாலையின் தலைவராயிருந்த கிறைம்ஸ் என்பார் அகழ்ந்து ஆராயத் தொடங்கினார். அவருக்கு முன் அந்நூதனசாலையை நடத்தியவர், 1945 இல் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்த மோட்டிமர் வீலர் என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளலாம். கிறைம்சின் கையிற் பணம் சொற்பம், ஆட்களும் சிலரே. நாள்தோறும் குழியருகே நின்று வேலையை நடத்தியவர் ஓட்றி வில்லியம்ஸ் என்னும் அம்மையார். 1954 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 18 ஆந் திகதி, வேலையை முடித்துக்கொள்ள இருந்த கடைசி நாளன்று, சேற்றினுள்ளிருந்து சலவைக்கல்லாலான ஓர் இளைஞனின் தலை வெளிப்பட்டது. உரோமப் போர்வீரரும் வணிகரும் வழிபட்ட மித்திராஸ் என்னும் தெய்வத்தின் தலை அது. அங்கே காணப்பட்ட அத்திவாரம் கி.பி. 240 அளவில் எழுந்த அத்தெய்வத்தின் கோயில் என்பது உறுதியாயிற்று.

பத்திரிகைகள் முழங்கின. பல்லாயிரம் மக்கள் வரிசையாய் நின்று அக்குழியை எட்டிப் பார்த்தனர். சேர்ச்சிலின் மந்திரிசபைகூட இவ்விடயத்தை ஆராய்ந்தது. மாளிகை கட்டுவோர் சில நாட்களே தவணை கொடுத்தனர். பின்னர்க் கோயிலின் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1962 இல் ஏறத்தாழ நூறு மீற்றர் தொலைவிலே, வெட்டவெளியில், சீமெந்து வைத்து மீள அடுக்கப்பட்டன. கிறைம்ஸ் 1988 இற் காலமானார். அவ்வகழ்வின் முழு அறிக்கை 1998 இல் வெளியாயிற்று. தலை கண்டெடுக்கப்பட்டதற்கும் அறிக்கை அச்சேறியதற்கும் இடையே நாற்பத்துநான்கு ஆண்டுகள்!

அகழ்வு என்பது ஏனைய ஆராய்ச்சிகளைப் போன்றதன்று. இரசாயன சாலையில் ஒரு சோதனை பிழைத்தால் மறுநாள் திரும்பச் செய்யலாம். பழைய ஏட்டை ஒருவர் தவறாக வாசித்தால், இன்னொருவர் எடுத்துத் திருத்தமாய் வாசிக்கலாம். மண்ணோ ஒருமுறைதான் வாசிக்கப்படும்; வாசிக்கும்போதே அது அழிகிறது. எஞ்சுவது அகழ்ந்தவர் எழுதிய குறிப்பும், வரைந்த படமும், பையிலிட்டு இலக்கமிட்ட பொருள்களுமே. ஆகையால் அக்குறிப்பை எழுதிய கை எத்தகையது, அது எந்நிலையில் இருந்து எழுதிற்று என்னும் வினா, தொழிலாளர் நலம் பேணுவோருக்கு மட்டும் உரிய வினா அன்று. சரித்திரம் கற்போர் யாவருக்கும் உரியது.

இங்கிலாந்திலே இத்தொழில் இன்றைய வடிவம் பெற்ற வரலாறு நெடியதன்று. போருக்குப் பின் நகரங்கள் விரைவாக மீளக் கட்டப்பட்டபோது, பழைமைச் சின்னங்கள் கண்முன்னே அழிவது கண்டு மனம் வருந்தியோர் 1971 இல் 'மீட்பு' எனப் பொருள்படும் பெயரோடு ஒரு சங்கம் அமைத்தனர். அரசாங்க நன்கொடையும் தொண்டர்களின் உழைப்பும், எண்பதுகளில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்கும் திட்டங்களும் அகழ்வுக்குத் துணையாயின. 1989 இல் திருப்பம் வந்தது. சேக்ஸ்பியரின் நாடகங்கள் நடிக்கப்பட்ட றோஸ் அரங்கின் அத்திவாரம், ஒரு காரியாலயக் கட்டடத்துக்காகத் தோண்டிய இடத்திலே தென்பட்டது. பெயர்பெற்ற நடிகர்கள் தெருவில் இறங்கி மறியல் செய்தனர். மறு ஆண்டு, அதாவது 1990 நவம்பரில், அரசாங்கம் 'தொல்லியலும் திட்டமிடலும்' என்னும் 16 ஆம் இலக்க வழிகாட்டியை வெளியிட்டது. அதன் சாரம் இது: புதைந்த சின்னத்தை இருந்த இடத்திலேயே காத்தல் நன்று, அது இயலாதவிடத்து, கட்டடம் கட்டுவிப்பவரே அகழ்வுக்கும் பதிவுக்கும் வேண்டிய ஏற்பாட்டைச் செய்தல் வேண்டும், அன்றேல் உள்ளூராட்சி மன்றம் அனுமதியை மறுக்கலாம். அவ்வழிகாட்டி 2010 இல் நீக்கப்பட்டு வேறு விதிகள் வந்தனவாயினும், கொள்கை மாறவில்லை. ஐரோப்பிய நாடுகள் 1992 இல் மோல்ற்றாவின் தலைநகரிற் செய்துகொண்ட உடன்படிக்கையும் இக்கொள்கையையே வலியுறுத்திற்று. இலங்கையிலும் 1998 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத் திருத்தத்தின் பின், பெருந்திட்டங்களுக்கு முன்பாகத் தொல்லியல் தாக்க மதிப்பீடு செய்யும் முறை வந்துள்ளது.

ஆக, பணம் வந்தது. முன்னொருபோதும் இல்லாத அளவில் நிலம் அகழப்பட்டது. ஆயினும் பணம் வந்த வழியே ஒரு விசித்திரமும் உடன்வந்தது. சந்தையில் அரிசி வாங்குபவன் அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து, கல் உண்டா நெல் உண்டா என்று ஆராய்ந்து, பின்னரே விலை பேசுகிறான். அவனுக்கு அரிசி வேண்டும். அகழ்வுக்குப் பணங்கொடுக்கும் கட்டட முதலாளிக்கு வேண்டியது உரோமர் காலத்து அறிவன்று. நிலம் தடையின்றித் தன் கைக்கு வருவதே. அவர் வாங்குவது அனுமதி. ஆராய்ச்சி தரமாயிருந்தால் அவருக்கு இலாபமில்லை, தரங்குறைந்தால் நட்டமுமில்லை. கேள்விப்பத்திரம் கோருகிறார், பல தாபனங்கள் விலை குறிக்கின்றன, குறைந்த விலைக்கே பெரும்பாலும் வேலை போகிறது. அகழ்விலே செலவின் பெரும்பகுதி ஆட்கூலி. விலையைக் குறைப்பதாயின் ஆளைக் குறைக்கவேண்டும், நாளைக் குறைக்கவேண்டும், அல்லது வேதனத்தைக் குறைக்கவேண்டும். இதை மறைத்துப் பேசுவதிற் பயனில்லை.

அகழ்வாளரின் ஒரு நாளைச் சற்று நோக்குவோம். பெரும்பாலும் அவர் பல்கலைக்கழகப் பட்டதாரி. விடியுமுன் எழுந்து, வாகனத்தில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் பயணஞ்செய்து வேலைத்தலத்தை அடைகிறார். அல்லது வீட்டை விட்டு வாரக்கணக்காக விடுதியிலே தங்கியிருக்கிறார். தலையிற் காப்புத்தொப்பி, உருக்குமுனை வைத்த சப்பாத்து, தூரத்திலே தெரியும் மஞ்சட் சட்டை. பேச்சுவழக்கிற் பெக்கோ எனப்படும் மண்வெட்டும் யந்திரம், பல்லில்லாத அகன்ற வாளியால் மேல்மண்ணை மெல்ல வழித்துச் செல்ல, அவர் அதனருகே நடந்து நிலத்தை உற்று நோக்குகிறார். அவர் தேடுவது பொன்னன்று, நிற வேறுபாடு. நம்மூரிலே பந்தற்காலைப் பிடுங்கியபின் அக்குழியை மண்ணிட்டு மூடினாலும், அவ்விடத்து மண் சுற்றுமண்ணோடு ஒட்டாமல் வேறாகவே தெரியும் அல்லவா? மூவாயிரம் ஆண்டுக்கு முன் நாட்டிய தூணின் குழியும் அவ்வாறே கருவட்டமாய்த் தெரிகிறது. அத்தகைய வட்டங்கள் பல வளைவாக அமைந்தால், அங்கே ஒரு வீடு இருந்தது என்பது பொருள்.

அவ்வட்டத்தின் ஒரு பாதியை மட்டும் மேசன் கரண்டியால் முதலில் அகழ்கிறார். வெட்டுமுகத்தில் எந்தப் படைக்கு மேல் எந்தப் படை கிடக்கிறது என்று பார்த்து வரைகிறார்; நிழற்படம் எடுக்கிறார்; பின்னரே மறுபாதி. ஒவ்வொரு படைக்கும் ஓர் இலக்கம். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு படிவம். மண்ணின் நிறம், இறுக்கம், கலப்பு, மேலது எது, கீழது எது என்பன யாவும் அதில் எழுதப்படல் வேண்டும். படைகளின் முன்பின் உறவை ஒரே படமாகக் கோக்கும் முறையை எட்வேட் ஹரிஸ் என்பார் 1973 இல் வகுத்தார்; இன்று உலகெங்கும் அதுவே வழக்கு. சில குழிகளின் மண் வாளி வாளியாக அள்ளப்பட்டு, நீரிற் கழுவி, கருகிய தானியமணிகள் பிரித்தெடுக்கப்படும்.

இவையெல்லாம் நூலிற் படிக்க இனிமையானவை. மார்கழி, தை மாதங்களில், உறைந்த களிமண்ணிலே முழங்காலிட்டு, விரல் மரத்த நிலையிற் பென்சில் பிடித்து எழுதுவது வேறு. முழங்காலும் நாரியும் இளமையிலேயே தேய்கின்றன. பழைய தொழிற்சாலை இருந்த நிலமாயின் எண்ணெய்க் கழிவும் நச்சு உலோகமும் அஸ்பெஸ்ரசும் மண்ணிற் கலந்திருக்கும். ஆழக்குழியின் சுவர் சரிந்து விழாதபடி முண்டு கொடுத்தல் வேண்டும். இவற்றுக்கு மேலாய், வேலை நிலையற்றது. ஒரு தலத்துக்கு மூன்று மாதம், அடுத்ததற்கு ஆறு வாரம் என்று ஒப்பந்தம். அதன் பின் எங்கே என்பது தெரியாது. 2008 இல் வந்த பொருளாதார வீழ்ச்சியின்போது வீடு கட்டுவது நின்றது. உடனே அகழ்வும் நின்றது. பிரித்தானியாவிலே 2007 ஆம், 2008 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 6,800 பேராயிருந்த தொல்லியற்றொழிலோர், ஐந்தாண்டின் பின் 4,800 பேரளவிற் குறைந்தனர். பின்னர் அதிவேக இருப்புப்பாதைத் திட்டம் வந்தபோது, அது ஒன்றுக்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட அகழ்வாளர் வேண்டப்பட்டனர். அனுபவம் பெற்றவர்களுட் பலர் அதற்குள் வேறு தொழில் தேடிப் போய்விட்டனர். களிமண்ணிலே நிற வேறுபாட்டைக் காணும் கண், ஒரு பருவத்திற் பயிற்றி எடுக்கத்தக்கதன்று.

அக்கண் எத்துணைப் பெறுமதியுடையது என்பதற்கு மீண்டும் வோல்புறூக் தெருவே சான்று. 1954 இன் பின் எழுந்த மாளிகை இடிக்கப்பட்டு, புளூம்பேர்க் என்னும் பெருந்தாபனம் அங்கே தன் காரியாலயத்தை அமைக்க முற்பட்டது. இம்முறை செலவு முழுதும் கட்டுவிப்போருடையது. 2010 தொடக்கம் 2014 வரை இலண்டன் நூதனசாலைத் தொல்லியல் தாபனத்தைச் சேர்ந்த ஐம்பது பேரளவில் உழைத்து, ஏறத்தாழ 3,500 தொன் மண்ணைக் கையாலேயே அகழ்ந்தனர். ஆற்றின் ஈரம் காற்றை உட்புகவிடாது தடுத்தமையால், இரண்டாயிரம் ஆண்டு மரமும் தோலும் அழியாதிருந்தன. கருஞ்சேற்றிலே கரும்பலகைத் துண்டுகள்! அவசரக்காரன் விறகுத்துண்டென்று வீசியிருப்பான். அவை மெழுகு பூசிய எழுதுபலகைகள், எண்ணிக்கை 405. மெழுகு போய்விட்டது, ஆனால் நம் முன்னோர் பனையோலையிற் செய்ததுபோல, உரோமரும் எழுத்தாணியாற் கீறியமையின், அதன் வடு மரத்திற் பதிந்திருந்தது. அவற்றுட் சிலவற்றை உரோஜர் தொம்லின் என்னும் அறிஞர் வாசித்து, 2016 இல் நூலாக வெளியிட்டார். ஒன்று கி.பி. 57 ஆம் ஆண்டு சனவரி 8 ஆந் திகதியிட்ட கடன் முறி. வாங்கிய சரக்குக்காகக் கிராத்துஸ் என்பவனுக்கு 105 தெனாரியுஸ் நாணயம் தான் கொடுக்கவேண்டியவன் எனத் திபுல்லுஸ் என்பவன் எழுதிக்கொடுத்தது. இருவரும் அடிமைநிலையிலிருந்து விடுவிக்கப்பட்டோர். இலண்டன் நகரம் உருவாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இன்னொரு பலகையிலே, இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையதாகிய இலண்டனின் பெயர் காணப்படுகிறது. அகழ்வு முடிந்து இரண்டே ஆண்டில் உலகம் இதனை அறிந்தது. கோயிலும் 2017 இல் தன் பழைய இடத்துக்கு அண்மையிலே, நிலத்தின் கீழ், செம்மையாக மீள அமைக்கப்பட்டது.

ஆனால் எல்லாரும் புளூம்பேர்க் ஆவரோ? நாட்டுப்புறத்தில் ஐம்பது வீடு கட்டும் சிறு ஒப்பந்தகாரரிடம் இத்தகைய தாராளத்தை எதிர்பார்த்தல் இயலாது. அங்கே தரத்தைக் காப்பவர் யார்? உள்ளூராட்சி மன்றத்துத் தொல்லியல் உத்தியோகத்தர் ஒருவர். அவரே அகழ்வுத் திட்டத்தை ஏற்பதும் மறுப்பதும். தலத்துக்கு வந்து பார்ப்பதும் அவரே. 2010 இன் பின் மன்றங்களின் வருவாய் வெட்டப்பட, இப்பதவிகளும் குறைந்தன. அடுத்து, 1982 இல் அமைந்த தொழிலோர் நிறுவகம். அது ஒழுக்க விதிகளையும் தர விதிகளையும் வகுத்தது. குறைந்தபட்ச வேதனம் இதுவெனக் கூறிற்று. 2014 இல் அரச சாசனமும் பெற்றது. ஆயினும் வைத்தியர், நியாயவாதி என்னும் பெயர்களைப் போலத் தொல்லியலாளர் என்னும் பெயர் அந்நாட்டிற் சட்டத்தாற் காக்கப்படவில்லை. அங்கத்துவம் இன்றியும் ஒருவர் இத்தொழிலைச் செய்யலாம். தொழிற்சங்கமும் உண்டு, இன்று இங்கும் நாளை அங்குமாய் அலையும் தொழிலாளரை ஒன்றுசேர்த்தல் எளிதன்று. சம்பளம் ஓரளவு உயர்ந்துள்ளது உண்மையே. அதே பட்டம் பெற்ற ஏனையோரின் ஊதியத்தோடு ஒப்பிட, அது இன்னும் பின்னிற்கிறது.

இக்குறைகளைக் கண்டு, இம்முறையால் விளைந்தது யாதுமில்லை என்று கூறுவாரும் உளர். அது நியாயமன்று. அச்சேறாத ஆயிரக்கணக்கான தல அறிக்கைகள் அலுவலகங்களிலே குவிந்து கிடந்தன. பேராசிரியர் றிச்சேட் பிறாட்லி அவற்றைத் தேடிச் சென்று வாசித்து, பிரித்தானியா அயர்லாந்து நாடுகளின் வரலாற்றுக்கு முந்திய காலத்தைப் பற்றி 2007 இல் ஒரு நூல் எழுதினார். பாடநூல்கள் கூறியவற்றுட் பல மாற வேண்டியதாயிற்று. அறிவு அங்கே இருந்தது. வெளியே கொணர ஒருவர் தேவைப்பட்டார். கண்டெடுத்த பொருள்களின் கதியும் இத்தகையதே. பல நூதனசாலைகளில் வைக்க இடமின்றி, பெட்டிகள் அகழ்ந்த தாபனங்களின் பண்டகசாலைகளிலேயே காத்துக் கிடக்கின்றன.

அறிக்கையின் முகப்பில் தாபனத்தின் பெயரும், கட்டுவித்தவரின் பெயரும் பெரிதாய் இருக்கும். அகழ்ந்தவரைக் காணவேண்டுமாயின், பெட்டியின் அடியிலுள்ள படிவங்களை எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் எழுதியவரின் பெயருக்குரிய இரண்டு மூன்று முதலெழுத்துக்கள், திகதியோடு, பென்சிலால் இடப்பட்டிருக்கும். சிலவற்றிற் காய்ந்த சேறும் ஒட்டியிருக்கும்.