பூட்டினுள் முறிந்த சாவி

சாவி என்பது போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொல். இந்தியில் சாபி என வழங்குவதும் அதுவே. நம் முன்னோர் அதனைத் திறவுகோல் என்றனர். நாம் குடியேறி வாழும் பெங்களூரிலோ, கன்னட மக்கள் அதனைப் ‘பீகத கை’ என்கின்றனர். பூட்டின் கை என்பது அதன் பொருள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் மிகவும் உவப்பானது. ஆயினும், அக்கை முறிந்து ஒரு பாதி பூட்டினுள்ளும் மறுபாதி நம் விரல்களிடையும் நிற்கும் வேளையில் சொல்லாராய்ச்சியில் மனம் செல்வதில்லை.

வாடகை வீட்டில் வாழும் வெளியூரார்க்கு இது சிறிய இடர் அன்று. கதவும் பூட்டும் வீட்டுக்காரருடையவை. நாம் கொடுத்த முன்பணமும் அவரிடமே உள்ளது. பூட்டைத் துளையிட்டால் செலவு நம் தலைமேல் விழும். ஓடிச் சென்று தங்குவதற்கு அடுத்த தெருவில் உறவினர் வீடும் இராது. ஆதலின் பூட்டின் உள்ளமைப்பைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நலம்.

இன்று அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது, அமெரிக்கரான லைனஸ் யேல் 1861, 1865 ஆகிய ஆண்டுகளில் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழிவந்த பூட்டு. அதனுள் சுழலும் உருளை ஒன்று உண்டு. சின்னஞ்சிறு ஊசிகளைச் சுருள்வில்கள் அழுத்தி, அவ்வுருளையைச் சுழலவொட்டாமல் நிறுத்தி வைக்கின்றன. உரிய சாவியின் வெட்டுகள் ஊசிகளைச் சரியான உயரத்தில் நிறுத்தியதும் உருளை சுழல்கிறது. சாவி பாதி சுழன்ற நிலையில் முறிந்தால், எத்துணை வலித்து இழுத்தாலும் துண்டு வெளிவராது. ஊசிகள் மேலெழ இடமின்றி அதனை இறுகப் பற்றியிருக்கும். முதற்கண், தட்டையான திருப்புளி முனையால் துளையை மெல்லத் திருப்பி, சாவியை நுழைக்கும்போது அது எந்நிலையில் இருக்குமோ அந்நிலைக்குக் கொணர்தல் வேண்டும். பலர் தவறவிடுவது இதனையே.

துண்டின் முனை வெளியே தெரிந்தால் சிறு இடுக்கியால் நேராக இழுக்கலாம். தெரியாவிடில், பொற்கொல்லர் தகடு அறுக்கும் நூல் போன்ற ரம்ப அலகு உதவும். நகரத்பேட்டைப் பட்டறைகளில் அதனைக் காணலாம். அலகின் பற்கள் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்குமாறு பிடித்து, சாவியின் வெட்டுகள் உள்ள பக்கமாக உள்ளே செலுத்தி, சற்றே முறுக்கி, பல் கவ்வியதும் நேராக வெளியே இழுக்க வேண்டும். ஒரே முயற்சியில் வந்துவிடும் என்று எண்ண வேண்டா. அதற்கு முன் சிறிதளவு பென்சில் கரித்தூளை உள்ளே தூவினால் துண்டு எளிதில் வழுக்கும். வீட்டிலுள்ள தேங்காய் எண்ணெயை ஊற்றுவது நம்மவர் வழக்கம். அது தூசியைச் சேர்த்துப் பிசினாகி நாளடைவில் பூட்டையே கெடுக்கும்.

காந்தத்தால் பயனில்லை, சாவி பெரும்பாலும் பித்தளை. முறிந்த மறுபாதியை உள்ளே செருகித் திருப்ப முயல்வதும், பசை தடவி ஒட்டி இழுப்பதும் துண்டை மேலும் உட்செலுத்திவிடும். பசை ஊசிகளில் படிந்துவிட்டாலோ பூட்டை மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

உள்ளே குழந்தையோ நோயாளியோ இருந்து, அடுப்பும் எரிந்துகொண்டிருந்தால் இம்முயற்சிகளில் பொழுதைக் கழித்தல் ஆகாது. உடனே 112 என்னும் எண்ணுக்கு அழைத்து உதவி கேட்க வேண்டும். அந்நேரத்தில் கதவின் விலை கணக்கில் வாராது.

நம்மால் இயலாதபோது சாவி செய்பவரை அழைக்கலாம். ‘பீகத கை முரிது ஹோகிதெ’ என்றால் போதும். நம் ‘முறிந்து போயிற்று’ என்பதற்கு அது உடன்பிறப்புத்தான். கூலியை முன்னரே பேசிக்கொள்க. துளையிடுவதைக் கடைசி வழியாக வைக்குமாறும், வீட்டுக்காரரைக் கேட்டபின் அதனைச் செய்யுமாறும் சொல்லுக. அவர் நம் அடையாள அட்டையைக் கேட்டால் சினம் கொள்ளலாகாது. கேளாதவரிடமே நமக்கு ஐயம் எழ வேண்டும்.

இரு துண்டுகளையும் எறிந்துவிடாதீர்கள். அவற்றைச் சேர்த்து வைத்து வெட்டுகளை அளந்தே புதிய சாவி செய்வார்கள். தேய்ந்த சாவியைப் பார்த்துச் செய்த படி அத்தேய்வையும் உடன் பெறும். ஆதலின் வீட்டுக்காரரிடம் மூலச் சாவி இருந்தால் அதனைக் கேட்டு வாங்குதல் மேலானது. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நம் திண்டுக்கல் பூட்டு உங்களிடம் இருந்தால், கையால் செய்த அதன் சாவிக்கு நகரத்து எந்திரங்களில் அச்சு கிடைப்பது அரிது. கையால் அராவிச் செய்பவரையே தேட வேண்டும்.

சாவி முறிவதற்குப் பெரும்பாலும் கதவே காரணம். சூன் தொடங்கிப் பெய்யும் மழையில் மரக்கதவு ஊதி நிலையில் உராய்கிறது. நாமோ சாவியையே கைப்பிடியாக்கிக் கதவை இழுக்கிறோம். ஆழமான வெட்டுள்ள இடத்தில் பித்தளை சிறுகச் சிறுக விரிசல் கண்டு, ஒருநாள் முறிகிறது. சாவி இறுகத் தொடங்கியதுமே தச்சரை அழைத்துக் கதவின் ஓரத்தைச் சிறிது இழைத்துவிட்டால் பூட்டுக்கு வேலையே இராது.