கடற்காவலும் தமிழர் உயிரும்

(மாதனூரில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



பாலாற்றங்கரை மாதனூருக்கும் கடற்கொள்ளைக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. இவ்வட்டாரத்தில் பதனிடப்பெறும் தோலும் ஆம்பூரில் தைக்கப்பெறும் காலணியும் சரக்குப் பெட்டகங்களில் அடைபட்டுச் சென்னைத் துறைமுகம் சேர்கின்றன. அங்கிருந்து ஐரோப்பா செல்லக் குறுகிய வழி ஏடன் வளைகுடா, செங்கடல், சூயசுக் கால்வாய் வழியே ஆகும். அவ்வழியில் கலங்கள் மறிக்கப்பெற்றால் காப்பீட்டுக் கட்டணம் ஏறுகிறது, கப்பற்கூலி ஏறுகிறது, குறித்த நாளிற் சரக்குச் சேராவிடில் வாங்குவோன் விலையைக் குறைக்கிறான். அக்குறை ஈற்றில் எவன் தலையில் விழுகிறது? சுண்ணாம்புக் குழியருகே நின்று தோல் அலசும் தொழிலாளியின் கூலியிலன்றோ விழுகிறது!

கடற்கொள்ளை புதியதன்று. உரோமை எழுத்தாளர் பிளினி, முதல் நூற்றாண்டிலேயே முசிறிக்கருகிற் கொள்ளையர் அச்சம் இருந்ததை எழுதினார். இந்தியா வரும் வணிகக் கலங்களில் வில்லாளர் ஏற்றப்பட்டதையும் குறித்தார். சேரன் நெடுஞ்சேரலாதன் கடல் கடந்து சென்று பகைவரின் கடம்பு மரத்தை வெட்டி வீழ்த்தியதைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. அப்பகைவர் கடற்குறும்பு செய்தோர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. கடல்வழியைக் காத்தல் அரசின் கடமை எனத் தமிழ்வேந்தன் அன்றே உணர்ந்திருந்தான்.

இக்காலக் கொள்ளை எங்கே பிறந்தது? 1991இல் சோமாலி நாட்டின் நடுவணரசு சிதைந்தது. காவலற்ற அக்கடலில் அயல்நாட்டு இழுவைக் கலங்கள் மீன்வளத்தை அள்ளிச் சென்றன. கரையில் வறுமையும் படைக்கலமும் ஒருங்கே பெருகின. மீனவர் பிழைப்பு கெட்ட இடத்திற் கொள்ளைத் தலைவர்கள் கொழுத்தனர். 2008ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒன்றிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்றம் அந்நாட்டுக் கடலுக்குள்ளும் சென்று கொள்ளையரை ஒடுக்க இசைவு தந்தது. எனினும், 2011இல் மட்டும் சோமாலிக் கொள்ளையர் தாக்குதல்களும் முயற்சிகளுமாக 237 நிகழ்வுகள் பதிவாயின. வறுமை கொலைக்கும் பறிப்புக்கும் உரிமை தராது. ஆனால் கரையில் அறம் சாய்ந்தால் கடலில் மறம் திரிந்துவிடும் என்பதை உலகம் கற்க வேண்டும்.

கலங்களைக் காக்கும் வழிகள் பல. கொள்ளையன் சிறுபடகில் வந்து ஏணி சார்த்தி ஏறுகிறான். ஆதலின் ஏறவிடாமையே முதற்காப்பு. கலத்தின் விளிம்பெங்கும் முட்கம்பிச் சுருள் இடுவர், விசைநீர் பாய்ச்சுவர், இரவும் பகலும் கண்காணிப்பர். மணிக்குப் பதினெட்டுக் கடற்கல்லுக்கு மேல் விரைந்தோடும் கலத்தில் ஏறுதல் மிக அரிது. ஏறிவிட்டாலோ, கலவர் யாவரும் உள்ளிருந்து தாழிடும் அரணறைக்குட் புகுந்து, பொறியை நிறுத்திவிட்டுப் போர்க்கலத்தை அழைப்பர். ஏடன் வளைகுடாவிற் குறித்த தடத்தில் கலங்கள் கூட்டாகச் செல்லப் பன்னாட்டுக் கடற்படைகள் காவல் நிற்கும். இந்தியக் கடற்படை 2008 அக்குத்தோபர் முதல் அங்குப் பணியாற்றி வருகிறது.

இவையெல்லாம் நன்று. ஆனால் துமுக்கி (துப்பாக்கி) ஏந்திய காவலர் வணிகக் கலத்தில் ஏறியபோது புதிய கேடும் உடன் ஏறியது!

2012 பிப்பிரவரி 15 அன்று கேரளக் கரையிலிருந்து ஏறத்தாழ இருபது கடற்கல் தொலைவில், 'என்ரிக்கா இலெக்சி' என்னும் இத்தாலிய எண்ணெய்க் கலத்திலிருந்த அந்நாட்டுக் கடற்படைஞர் ஒரு மீன்பிடி படகை நோக்கிச் சுட்டனர். கொள்ளையர் என்று எண்ணினராம்! மாண்டவர் இருவரும் ஏழை மீனவர். ஒருவர் கொல்லத்தார், மற்றொருவர் குமரி மாவட்டத் தமிழர். 2020இல் பன்னாட்டு நடுவர் மன்றம், அப்படைஞர்க்கு இந்திய அறமன்றத்தின் உசாவலினின்று விலக்கு உண்டு என்றும், இந்தியாவுக்கு இழப்பீடு உரியது என்றும் முடிவு கூறியது. 2021இல் பத்துக் கோடி உருபா செலுத்தப்பட்டதும் இந்தியத் தலைமை அறமன்றம் வழக்கை முடித்தது. உயிருக்கு விலை குறிக்கப்பட்டது. கொலைக்கு ஒறுப்பு இந்நாட்டில் வழங்கப்படவில்லை!

அடுத்து, 2013 அக்குத்தோபர் 12 அன்று 'சீமன் கார்டு ஒகாயோ' என்னும் காவற்கலம் தூத்துக்குடிக்கு அப்பால் பிடிபட்டது. அதில் முப்பத்தைவர் இருந்தனர். அவருள் இருபத்தைவர் கூலிக்காவலர். 2016இல் தூத்துக்குடி மன்றம் அவர்களுக்கு ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2017இல் உயர் அறமன்ற மதுரைக் கிளை விடுவித்தது. கொள்ளையரை விரட்ட வந்தோர் தாமே பல்லாண்டு சிறையும் வழக்குமாய் அலைந்தனர். படைக்கலம் எவ்வெல்லையில், எவர் இசைவோடு செல்லலாம் என்பதில் உலகோர் தெளிவின்றி இருந்தமையே இதன் கரணியம்.

2008 நவம்பரில் இந்தியப் போர்க்கலம் 'தபார்' கொள்ளையர் கலமென ஒன்றை மூழ்கடித்தது. அது கொள்ளையர் கைப்பற்றியிருந்த தாய்லாந்து மீன்பிடிக் கலம் என்று பின்னர்த் தெரிந்தது. பிணையாயிருந்த மீனவருள் ஒருவரே உயிருடன் மீட்கப்பெற்றார். எங்குப் பிழை நேரினும் மடிபவன் மீனவனே!

சட்டக் குறையும் நெடுநாள் இருந்தது. 1999இல் 'அலோண்டிரா ரெயின்போ' என்னும் கலத்தைக் கவர்ந்தவர் பிடிபட்டு, 2003இல் மும்பை மன்றத்தால் ஒறுக்கப்பட்டு, மேல்முறையீட்டில் 2005இல் விடுவிக்கப்பட்டனர். அதன்பின் பல்லாண்டு கழித்தே, 2022ஆம் ஆண்டின் கடற்கொள்ளை எதிர்ப்புச் சட்டம் வந்தது. 2023 திசம்பரில் கவரப்பட்ட 'ரூயன்' கலத்தை இந்தியக் கடற்படை 2024 மார்ச்சில் மீட்டபோது, கலவர் பதினெழுவரும் உயிர்தப்பினர். கொள்ளையர் முப்பத்தைவர் மும்பைக்குக் கொணரப்பட்டனர். பொறுமையும் திறனும் கூடினால் குருதி சிந்தாமலும் காக்கலாம் என்பதற்கு இது சான்று.

உடன்பிறப்புகளே! வணிகக் கலத்துக்குப் போர்க்கலம் துணை. கோடியக்கரைக்கு அப்பால் வலையும் பொறியும் பறிக்கப்பட்டு, வெட்டுண்டு கரை திரும்பும் தமிழ் மீனவனுக்கு எது துணை? செல்வர் சரக்கைப் பறித்தால் கடற்கொள்ளை. ஏழை வலையைப் பறித்தால் வெறுஞ்செய்தியா? கொள்ளைக்கு ஒரே பெயர்; காவலுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

இன்னொன்று: கலத்திலிருந்து வரும் அறிவிப்பு ஆங்கிலத்தில், படகில் இருப்பவன் தமிழன். விளங்காமொழியில் விலகச் சொல்லி, விலகாதவனைச் சுடுவதா காவல்? இக்கரையைக் கடக்கும் கலந்தோறும் தமிழ் முன்னறிவிப்புப் பதிவு இருத்தல் வேண்டும். கடலோரக் காவற்படை மீனவரோடு தமிழிற் பேசுதல் வேண்டும். கலவர்க்குரிய காப்புப் பயிற்சி நூல்கள் தமிழில் வருதல் வேண்டும். மொழியுரிமை மேடைப் பேச்சுக்கு மட்டும் உரியதன்று. நடுக்கடலில் அது உயிருரிமை!

மாதனூர்த் தோலும் தடையின்றிச் செல்க! குமரி மீனவனும் உயிரோடு திரும்புக! இரண்டையும் ஒருங்கே காப்பதே காவல். ஒன்றைக் காத்து மற்றதைக் கொல்வது காவலன்று.

வெல்க தமிழ்! வாழ்க தமிழர்!