தடுப்பூசி வரிசையில் யார் முதலில்?

(நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பொருளாளர் கணக்கு வாசிக்கக் காத்திருக்கிறார், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

2021 ஜூனில் நம் வளாகத்தில் நடந்த கொரோனா தடுப்பூசி முகாம் உங்களுக்கு நினைவிருக்கும். பட்டியல் போட்டவன் நான்தான். ஏ பிளாக்கில் தொடங்கி, வீட்டு எண் வரிசைப்படி எழுதினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் சி பிளாக் முடிவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. டி பிளாக்கில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த பெரியவர் திரும்பிப் போனார். செக்யூரிட்டி ஆட்களும் வீட்டு வேலைக்கு வருபவர்களும் பட்டியலிலேயே இல்லை.

அரசு அப்படிச் செய்யவில்லை. 2021 ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுடன் தொடங்கியது. அடுத்து காவலர், தூய்மைப் பணியாளர் போன்ற முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயது கடந்தவர்களும், இணைநோய் உள்ள 45 வயது கடந்தவர்களும். ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டிய எல்லோரும்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நோய் வந்தால் உயிருக்கு ஆபத்து யாருக்கு? நோயிலிருந்து ஒதுங்கி இருக்கவே முடியாதவர் யார்? பிரிட்டன் முதியோர் இல்லங்களில் இருப்பவர்களையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் முதலில் வைத்தது. இந்தோனேசியா 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களை முன்னால் வைத்தது. அங்கே வந்த ஊசி முதியவர்களுக்கு எப்படி வேலை செய்யும் என்ற தரவு அப்போது போதவில்லை என்பதும் ஒரு காரணம். இரண்டு நாடுகளும் யோசித்துத்தான் முடிவெடுத்தன. என் பட்டியலில் யோசனையே இல்லை.

நம் இரவு வாட்ச்மேனுக்கு அப்போது 58 வயது. ஏப்ரலிலேயே அவருக்குத் தகுதி இருந்தது. கோவினில் பதிவு செய்யத் தெரியாது. ஓடிபி வரும் போன் மகன் கையில். நம்மில் ஒருவருக்கும் உதவத் தோன்றவில்லை. நாம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தோம், கூரியர் பார்சலையெல்லாம் அவர்தான் வாங்கி வைத்தார். ஜூலையில் தொற்று வந்தது. பிழைத்துவிட்டார், ஆனால் பழையபடி ரவுண்டு போக முடியவில்லை. வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார்.

"மெயின்டனன்ஸ் கட்டுகிற நமக்குத்தானே முதலில்?" என்று சிலர் கேட்பீர்கள். லிஃப்ட் பழுதுக்கு அந்தக் கணக்கு சரி. இதற்குச் சரியென்று எனக்குப் படவில்லை.

என் தீர்மானம் இதுதான்: வயது, நடமாட முடியாமை, கடும் நோய், வேலையால் வரும் ஆபத்து ஆகியவற்றைக் கொண்டு ஒரு பதிவேடு, இப்போதே. வேலையாட்களின் பெயரும் அதில் இருக்க வேண்டும். நோய் விவரத்தை ஒட்டிய கவரில் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். படிவம் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும் ஒன்று வாங்கிப் போங்கள்.