அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு



இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்ற ஸ்போர்ட்ஸ் கார் செய்யப்பட்டது. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. நம் சாலைகளில் பல்லாண்டுகள் ஓடிய அம்பாசடர் காரின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும், இந்த வண்டியின் 1798 கன சென்டிமீட்டர் எஞ்சினும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. ஆகவே இது நமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று.

இங்கிலாந்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் 1965ஆம் ஆண்டு வண்டி ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினைத் தம் கையாலேயே புதுப்பித்தார். அவருடைய கடிதங்களிலிருந்து நான் அறிந்ததையே இன்று கூறுகிறேன். ஒரு பெரிய பிழையும் செய்தார். அதை ஆசிரியரிடம் மறைக்கவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

எஞ்சினைப் பிரிப்பது எளிது. ஆனால் கிராங்க் தண்டைத் தாங்கும் ஐந்து பேரிங்குகளின் மூடிகளும் அவையவை இருந்த இடத்துக்கே திரும்ப வேண்டும். மூடியைப் பொருத்தி வைத்தே அந்தத் துளைகளைக் கடைந்திருப்பார்கள். இடம் மாறினால் வட்டம் வட்டமாயிராது. மாணவர் ஒவ்வொன்றிலும் எண் பொறித்துக்கொண்டார்.

அடுத்து அளவு. சிலிண்டரின் விட்டம் 80.26 மில்லிமீட்டர். இது எங்கும் ஒரே சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே சென்று ஒரு கணம் நின்று திரும்பும் இடத்தில் எண்ணெய்ப் படலம் மெலிகிறது; எரியும் வாயுவோ பிஸ்டன் வளையங்களைச் சுவரோடு அழுத்துகிறது. ஆகையால் தேய்மானம் மேற்பகுதியில்தான் மிகுதி. பிஸ்டன் பக்கவாட்டிலும் உந்துவதால் வட்டம் சற்றே முட்டை வடிவாகிறது. எனவே மூன்று உயரங்களில், இரண்டு திசைகளில், அளந்து பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தோன்றும் சுவர் அளவுகோலின் முன் பொய்யாகிவிடும். தேய்மானம் மிகுந்தால் குடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் இடலாம். ஆயினும் எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. தேவைக்கு மேல் ஓர் இழையும் எடுக்கலாகாது.

வால்வுகளைப் பற்றி ஒரு சொல். முன்பு பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் புகைபோக்கு வால்வின் இருக்கையைக் காத்தது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டு முதல் பொது விற்பனையில் ஈயப் பெட்ரோல் இல்லை. எனவே கடினமான எஃகு வளையங்களை இருக்கைகளில் பதிக்கிறார்கள்.

இனி அந்தப் பிழை. கிராங்க் தண்டை அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு குறையுமாறு பட்டறையில் சாணை பிடித்து வாங்கினார். தண்டினுள் எண்ணெய் செல்லும் நுண்துளைகள் உண்டு. சாணைத் துகள் அவற்றில் தங்கியிருந்தது. மேலே துடைத்தவர் உள்ளே துடைக்கவில்லை. இருநூறு மைல் ஓடுமுன் எஞ்சின் தட்டத் தொடங்கிற்று. திறந்து பார்த்தால் பேரிங்கின் மென்மையான பூச்சு முழுதும் கீறல். கீறல் தண்டிலும் இருந்தது! மீண்டும் சாணை, இப்போது ஆயிரத்தில் இருபது பங்கு. வழக்கமாகக் கிடைக்கும் பேரிங்குகள் நாற்பது பங்கு வரையில்தான். தண்டின் ஆயுளில் ஒரு படி, கந்தலும் மண்ணெண்ணெயும் செய்திருக்க வேண்டிய வேலைக்காகப் போயிற்று.

பட்டறையை அவர் குறை கூறவில்லை. இரண்டாம் முறை ஒவ்வொரு துளையிலும் நீண்ட தூரிகையை நுழைத்து, மண்ணெண்ணெய் விட்டு, காற்றடித்து, வெள்ளைத் துணியில் கறை படியாத வரையில் கழுவினாராம். பிறகு தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தமுள் எழும்வரை எஞ்சினைச் சுழற்றினார். அதன் பின்னரே செருகிகளைப் பூட்டிச் சாவியைத் திருப்பினார். அன்று அவர் எழுதிய கடிதம் இரண்டே வரி. ஒன்றில் எண்ணெய் அழுத்தத்தின் அளவு. மற்றதில், தட்டும் ஒலி இல்லை என்ற செய்தி.