நான் யார் என்று பிள்ளையைக் கேட்டால்

(ஆலயக் கல்வி நிதி வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)

 

‘நான் யார்?’ என்று ஞானிகள் கேட்டார்கள். உளவியல் ஆய்வாளர்களும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கூன், மக்பார்ட்லண்ட் என்னும் இருவர், ஐயோவா பல்கலைக்கழக மாணவர்களை இக்கேள்விக்கு இருபது விடைகள் எழுதச் சொல்லி, அவர்கள் தம்மைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தை ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 1954-இல் வெளிவந்தது.

1994-இல் போக்னர் என்பவர் இதைப் போன்ற முறையில் மலேசியரையும் ஆஸ்திரேலியரையும் பிரிட்டிஷாரையும் ஒப்பிட்டார். மலேசியர் எழுதியவற்றில் குழுவைச் சார்ந்த விடைகள் கூடுதலாகவும், தனிமனித குணங்களைச் சொல்பவை குறைவாகவும் இருந்தன.

இதில் நமக்கு வியப்பில்லை. நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்ன எழுதும்? ‘நான் மூத்த மகள், ரிங்லெட்காரி, தமிழ்ப்பள்ளியில் படித்தவள்’ என்று எழுதும். ‘நான் திறமைசாலி’ என்று எழுதக் கூசும். தற்புகழ்ச்சி கூடாது என்று சொல்லி வளர்த்தவர்கள் நாம்தாமே!

ரோசன்பர்க் 1965-இல் அமைத்த தன்மதிப்பு அளவுகோலில் பத்து வாக்கியங்கள் உண்டு. ஐந்து தன்னை உயர்த்திச் சொல்பவை. ஐந்து தாழ்த்திச் சொல்பவை. 2005-இல் ஷ்மிட், அல்லிக் இருவரும் 53 நாடுகளில் கிடைத்த விடைகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். தாழ்த்திச் சொல்லும் வாக்கியங்களை எல்லா நாட்டினரும் ஒரே விதமாகப் பொருள் கொள்ளவில்லை என்று கண்டார்கள். ஆகவே, மதிப்பெண் குறைந்தவுடன் பிள்ளைக்குத் தன்மதிப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடக்கூடாது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து, ஆலையில் ஒரு கிலோ தூளாகிறது. எடை குறைந்ததால் மதிப்பு குறைந்துவிட்டதா?

ஆனால் உபகாரச் சம்பள நேர்காணலில் அமர்ந்திருப்பவர் இதையெல்லாம் எண்ணிப் பார்ப்பார் என்று சொல்ல முடியாது. பிள்ளை வாய்மூடி நின்றால், ஒன்றும் தெரியாது என்றே எழுதிக்கொள்வார். அடக்கம் வேறு, தாழ்வு மனப்பான்மை வேறு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தெரிவதுதான் தொல்லை.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, ‘நான் யார்?’ என்பதற்குப் பத்து விடைகள் எழுதச் சொல்லுங்கள். எதையும் அடித்துத் திருத்தாதீர்கள். பத்தும் உறவாகவும் ஊராகவும் இருந்தால் மகிழுங்கள்; அவை பிள்ளையின் வேர். பிறகு, ‘உன்னால் எது முடியும்? அதையும் இரண்டு எழுது’ என்று கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே, செய்ததைச் செய்தேன் என்று சொல்வது தற்பெருமை அன்று, உண்மை. தோட்டத்துப் பிள்ளை என்பதையும் சொல்லுங்கள். உங்கள் திறமையையும் சொல்லுங்கள். ஒன்றைச் சொல்ல மற்றொன்றை மறைக்க வேண்டியதில்லை.