இறக்கி ஏற்றிய இன்ஜினின் சத்தம்



இன்ஜினை இறக்கி, வேலை பார்த்து, மறுபடி ஏற்றிய வண்டியை முதன்முதலாக ஸ்டார்ட் செய்யும்போது பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள். செயின் பிளாக் ஓரமாகத் தொங்கும். காயில் வயரை உருவிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை செல்ஃப் மட்டும் அடிப்பார்கள். பிறகு வயரைச் செருகிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். எல்லோர் முகமும் மலரும். அதற்குள் எங்கிருந்தோ ஒரு ‘டிக் டிக் டிக்’. இறக்கும்முன் இல்லாத சத்தம்.

அந்தச் சத்தத்தின் இடத்தைக் கண்டுபிடிப்பதை நான் ஒரு கலையாகவே மதிக்கிறேன். அதற்குக் கூர்மையான காது இருந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். காது வேண்டும்தான். ஆனால் எந்தக் கேள்வியை முதலில் கேட்பது என்று தெரிந்திருப்பது அதைவிடப் பெரிது. இதை எனக்குக் காட்டியது என்னுடைய பழைய அம்பாசிடர்.

மோரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்து, கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் 2014 வரை தயாரான குடும்பம் அது. என் வண்டியில் இருந்தது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின். பேரிங் வேலைக்காக இறக்கி ஏற்றினோம். ஏற்றிய அன்றே டிக் டிக் வந்துவிட்டது. “டாப்பட் சார்” என்றார் பட்டறைத் தம்பி. மேல்மூடியைக் கழற்றி, ஃபீலர் கேஜை நுழைத்து, அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி என்று எட்டு வால்வுக்கும் பொறுமையாக வைத்தார். மூடி ஓட்டினால் அதே சத்தம்.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். ஸ்லோ ஸ்பீடில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் 400தான் சுற்றும். அதனால் மேலேயிருந்து வரும் டாப்பட் சத்தம் நிதானமாக விழும். கீழே கனெக்டிங் ராடு பேரிங் போயிருந்தால் தட்டல் கனமாக, அடிவயிற்றிலிருந்து வருவதுபோல, இன்ஜின் இழுக்கும்போது கூடும். அப்படிக் கேட்டால் அந்த நொடியே சாவியைத் திருப்பி அணைத்துவிட வேண்டும். என் வண்டியில் கேட்டதோ மெல்லிசான, நிதானமான சத்தம். தாளத்தை வைத்துத் தம்பி சொன்னது நியாயம்தான்.

சாயங்காலம் பட்டறைக்காரரின் அப்பா வந்தார். பானெட்டுக்குள் குனியக்கூட இல்லை. “ஏத்தும்போது எதையெல்லாம் கழட்டி மாட்டினீங்க?” என்றுதான் முதலில் கேட்டார். தம்பி ஒவ்வொன்றாகச் சொன்னார். அடுத்து, “காலையில சத்தம் ஜாஸ்தியா, ஓடின பிறகு ஜாஸ்தியா?” என்று என்னைக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். காலையில்தான் அதிகம், நாலு கிலோமீட்டர் போனால் குறைகிறது. “கிளட்ச்சை மிதிச்சா மாறுதா?” மாறவில்லை. மாறியிருந்தால் ரிலீஸ் பேரிங்கையோ கியர் பாக்ஸின் முன் பேரிங்கையோ சந்தேகப்பட வேண்டும். அந்த ஒரு பதிலில் வண்டியின் பின்பாதி முழுக்கக் கழிந்துவிட்டது.

என்னை வியக்க வைத்தது இதுதான். மூன்று கேள்விகள். ஒரு ஸ்பேனரைக்கூடத் தொடாமல் பாதி வேலை முடிந்திருந்தது. இறக்கி ஏற்றிய இன்ஜினில் புதிதாக ஒரு சத்தம் வந்தால், முதலில் கைபட்ட இடங்களில்தான் தேட வேண்டும். முடுக்காமல் விட்ட போல்ட், ஃபேன் இறக்கையில் உரசும் வயர், வளைந்து பிளைவீலைத் தொடும் தகடு, சரியாக உட்காராத செல்ஃப் மோட்டார், பாடியில் இடிக்கும் சைலன்சர் குழாய். இத்தனையும் பார்க்காமல் இன்ஜினை மறுபடி பிரிப்பது பாவம் என்பேன்.

மறுநாள் காலை இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே பெரியவர் வந்துவிட்டார். கையில் முழ நீள ரப்பர் குழாய். ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் விளிம்பில் மெல்ல நகர்த்தினார். முன்கோடியில் நின்றார். குழாயை என் காதில் வைத்தார். அது இரும்பு இரும்பைத் தட்டும் சத்தமே இல்லை. ‘ப்ஸ்க், ப்ஸ்க்’ என்று காற்று பிதுங்கும் சத்தம். குனிந்து பார்த்தால் கேஸ்கெட் ஓரத்தில் விரல்நுனி அளவு கரி படிந்திருந்தது. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள்.

முன்கோடி சிலிண்டரின் புகையும் கேமின் தாளத்தில்தான் வெளியேறுகிறது, கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை. அதனால்தான் அது டாப்பட் மாதிரியே ஒலித்தது. சூடேறினால் இரும்பு விரிந்து சந்தை அடைத்துக்கொள்ளும், சத்தம் அடங்கும். தாளம் ஏமாற்றிய இடத்தில் சூடும் குளிரும் உண்மையைச் சொல்லிவிட்டன.

இன்றைய கார்களில் இன்ஜின் பிளாக்கிலேயே நாக் சென்சார் என்று ஒரு மின்காது உண்டு. அருமையான ஏற்பாடு. ஆனாலும் பக்கத்தில் ஒரு பிராக்கெட் தளர்ந்து அதிர்ந்தால், அதை இன்ஜினின் தட்டல் என்று அதுவும் நம்பிவிடுவதுண்டு. ஸ்கேனர் மாட்டிப் படிக்கும் இளைஞர்களும் அந்த மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

புது கேஸ்கெட் போட்டு, பித்தளை நட்டுகளை நடுவிலிருந்து ஓரம் நோக்கி முடுக்கினார்கள். அடுத்த நாள் விடியற்காலையில் சாவியைத் திருப்பினேன். அந்த டிக் டிக் இல்லை. அதுவரை அது மறைத்து வைத்திருந்த ஃபேனின் காற்றும், எட்டு டாப்பட்டுகளின் லேசான கிலுகிலுப்பும் கேட்டன. பெரியவர் தலையாட்டினார். “இது இருக்கணும்” என்றார்.